உடைந்த பலகைகளும் பேழைக்குள்ளே

சீனாய் மலையடிவாரத்தில் நிகழ்ந்ததை நாம் அனைவரும் அறிவோம். இறைவன் எழுதிக் கொடுத்த இரு கற்பலகைகளை ஏந்தியவராய் மோசே இறங்கி வருகிறார். பாளையத்திலோ பொன் கன்றுக்குட்டியைச் சுற்றி ஆட்டமும் ஆரவாரமும். சினம் மூண்ட மோசே கையிலிருந்த பலகைகளை வீசியெறிகிறார். அவை உடைந்து சிதறுகின்றன. பின்னர் அவர் வேறிரு பலகைகளைச் செதுக்கிக்கொண்டு மீண்டும் மலையேறுகிறார். இந்த இரண்டாம் பலகைகளே உடன்படிக்கைப் பேழைக்குள் இடம்பெற்றன. விடுதலைப் பயண நூலும் இணைச் சட்ட நூலும் சொல்லும் வரலாறு இது.

அப்படியாயின், உடைந்த துண்டுகள் என்னவாயின? மலையடிவாரத்து மண்ணிலேயே கிடந்து மறைந்தனவா? மக்கள் அவற்றை மிதித்துக் கடந்து சென்றார்களா? விவிலியம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நாமும் பெரும்பாலும் கேட்பதில்லை. புதியது கிடைத்துவிட்டபின் உடைந்ததைப் பற்றி யாருக்குக் கவலை?

யூத சமயத்தின் ஆசான்கள் கவலைப்பட்டார்கள், கேட்டார்கள். இணைச் சட்ட நூலின் 10ஆம் அதிகாரத் தொடக்கத்தை அவர்கள் எழுத்தெழுத்தாய்ப் படித்தார்கள். முதற்பலகைகளை மோசே உடைத்ததைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும், பேழைக்குள் வைக்குமாறு பணிக்கும் சொல்லும் அங்கே அடுத்தடுத்து நிற்பதைக் கண்டார்கள். அந்த அண்மையிலிருந்து அவர்கள் கண்டெடுத்த விடை இது: முழுப் பலகைகளும் உடைந்த பலகைகளும் ஒரே பேழைக்குள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. யூதரின் மாபெரும் போதனைத் தொகுப்பாகிய தால்மூதில் இவ்விளக்கம் காணப்படுகிறது. குருமடத்தில் எபிரேய எழுத்துகளை வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய நாள்களில் இதை முதன்முதலாகக் கேட்டோம். அன்று மனத்தில் தைத்தது இன்றுவரை அகலவில்லை. யூதரின் திருநூல்களையும் அவற்றை அவர்கள் பேணிய முறையையும் மேலும் அறிய அறிய, அந்தச் சமய மரபு முழுவதுக்கும் இதுவே ஒரு திறவுகோல் என்று நமக்குத் தோன்றலாயிற்று. உடைந்ததையும் எறியாத மரபு அது.

யூதரின் மறைநூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. மோசேயின் ஐந்நூல்களாகிய தோரா முதலாவது. இறைவாக்கினர் நூல்கள் இரண்டாவது. திருப்பாடல்கள், யோபு, ரூத்து முதலியவை அடங்கிய எழுத்துகள் மூன்றாவது. அவர்கள் கணக்கின்படி இவை 24 நூல்கள். நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 46 நூல்கள் உள்ளன. அவர்கள் ஒன்றாக எண்ணுவதை நாம் பலவாகப் பிரித்து எண்ணுவது இதற்கு ஒரு காரணம். சீராக்கின் ஞானம், தோபித்து போன்ற நூல்கள் அவர்கள் தொகுதியில் இல்லாதிருப்பது மற்றொரு காரணம்.

இந்த எழுதப்பட்ட தோராவோடு வாய்மொழித் தோரா ஒன்றும் உண்டு என்பது யூதரின் நம்பிக்கை. ஆசானிடமிருந்து மாணவனுக்கு நாவழியாக வந்த விளக்கம் அது. கி.பி. 70இல் உரோமைப் படை எருசலேம் ஆலயத்தைத் தரைமட்டமாக்கியது. பலிபீடம் போயிற்று, குருக்களின் திருப்பணி நின்றது, விழாக் காலங்களில் திருப்பயணமாய்ச் செல்ல ஆலயமும் இல்லை. அந்த முற்றுகையின்போது ரபி யோகனான் பென் சக்காய் என்பவரை அவருடைய மாணவர்கள் இறந்தவரைப் போலச் சவப்பெட்டியில் கிடத்தி நகரத்துக்கு வெளியே சுமந்து சென்றார்கள் என்று மரபு கூறும். அவர் யாவ்னே என்னும் ஊரில் ஒரு கல்விக்கூடத்தைப் பேணினார். ஆலயம் இழந்த மக்களுக்கு நூலே ஆலயமாயிற்று; கற்றலே காணிக்கையாயிற்று.

கி.பி. 200ஆம் ஆண்டளவில், தலைவர் என்னும் பட்டம் தாங்கிய ரபி யூதா வாய்மொழிப் போதனைகளைத் தொகுத்தார். ஆறு பிரிவுகளும் 63 நூல்களும் கொண்ட அத்தொகுப்புக்கு மிஷ்னா என்று பெயர். மிஷ்னாவைப் பற்றிப் பாலஸ்தீன நாட்டிலும் பாபிலோனிலும் தலைமுறை தலைமுறையாக நடந்த உரையாடல்களைச் சேர்த்தபோது இரு தால்மூதுகள் உருவாயின. இவற்றுள் பெரியதும் கூடுதல் அதிகாரம் உடையதுமாகிய பாபிலோனியத் தால்மூது ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வடிவம் பெற்றது. அச்சுப் பதிப்பில் அது 2,711 தாள்கள். நாளுக்கு ஒரு தாள் வீதம் உலகெங்கும் உள்ள யூதர் ஒரே தாளை ஒரே நாளில் படிக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டு ரபி மேயிர் ஷாப்பிரோ முன்மொழிந்தார். ஒரு சுற்று நிறைவடைய ஏழரை ஆண்டுகள் ஆகின்றன. பதினான்காம் சுற்று 2020ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கியது. கடைக்காரரும் மருத்துவரும் தொடர்வண்டியில் பணிக்குச் செல்வோரும் அதில் பங்கேற்கிறார்கள்.

தால்மூதைத் திறப்பவர் அதில் முதலில் காண்பது முடிவுகளை அல்ல, வாதங்களைத்தான். இயேசு பிறப்பதற்குச் சற்று முற்பட்ட காலத்தில் இல்லேல், சம்மாய் என்னும் இரு பேராசான்கள் இருந்தனர். இவர்களுடைய பள்ளிகள் எத்தனையோ செய்திகளில் மாறுபட்டன. இறுதியில் பெரும்பாலும் இல்லேல் பள்ளியின் கருத்தே நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தோற்ற சம்மாய் பள்ளியின் கருத்தை எவரும் அழித்துவிடவில்லை. வென்ற கருத்துக்குப் பக்கத்திலேயே அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. ஏற்கப்படாத கருத்தை ஏன் குறித்துவைக்க வேண்டும் என்று மிஷ்னாவே கேட்கிறது. பின்னொரு நாளில் எழும் நீதிமன்றம் ஒன்றுக்கு அந்தச் சிறுபான்மைக் கருத்தே சான்றாகப் பயன்படலாம் என்று விடையும் கூறுகிறது. இல்லேல் பள்ளி ஏன் வென்றது என்பதற்குத் தால்மூது தரும் காரணமோ இன்னும் அழகானது. அவர்கள் பணிவுடையவர்கள், தங்கள் கருத்தை மட்டுமன்றி எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதிலும் எதிர்த்தரப்பின் கருத்தையே முதலில் சொன்னார்கள். இரு பள்ளிகளின் சொல்லும் இறைவனுடையதே என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்டதாகவும் அங்கே கூறப்பட்டுள்ளது.

உடைந்த பலகைகளைப் பற்றிய செய்தியிலும் மாற்றுக் கருத்து உண்டு. பேழைகள் இரண்டு இருந்தன என்றும், உடைந்த துண்டுகளைக் கொண்ட பேழையே போர்க்களத்துக்கு மக்களுடன் சென்றது என்றும் வேறோர் ஆசான் கூறினார். அக்கருத்தும் காக்கப்பட்டுள்ளது. இதில் எது வரலாறு என்று ஆராய்வதைவிட, இரு தரப்பாருமே உடைந்த துண்டுகளைக் கைவிட மனம் ஒப்பவில்லை என்பதைக் காண்பதே நமக்குப் பயன் தரும்.

கருத்துக்குக் காட்டிய இந்த மரியாதையை யூதர் எழுத்துக்கும் காட்டினார்கள். தொழுகைக்கூடத்தில் வாசிக்கப்படும் தோராச் சுருள் இன்றும் தோலின்மீது கையால்தான் எழுதப்படுகிறது. அதில் 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து விடுபட்டாலும் பிழைபட்டாலும் திருத்தப்படும்வரை அச்சுருள் வழிபாட்டுக்கு உதவாது. வாசிப்பவர் விரலால் எழுத்தைத் தொடுவதில்லை. கை வடிவில் முனை அமைந்த குச்சியால் வரியைச் சுட்டிச் செல்கிறார். ஆண்டுதோறும் இணைச் சட்டத்தின் கடைசி வரியை வாசித்து முடித்ததும், மகிழ்ந்தாடும் திருவிழா நாளிலேயே தொடக்கநூலின் முதல் வரிக்குத் திரும்புகிறார்கள்.

இவ்வளவு போற்றப்பட்ட சுருள் பழுதடைந்துவிட்டால்? எழுத்து மங்கி, தோல் கிழிந்துவிட்டால்? அதைக் குப்பையில் எறியவோ எரிக்கவோ கூடாது. இறைவனின் பெயர் எழுதப்பட்ட எதையும் ஓர் அறையில் சேர்த்துவைத்து, பின்னர் கல்லறைத் தோட்டத்தில் மனித உடலைப் போலவே அடக்கம் செய்கிறார்கள். அத்தகைய சேமிப்பறைக்குக் கெனிசா என்று பெயர். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இருந்த கெனிசாவில் நூற்றாண்டுக் கணக்கில் தாள்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. திருநூல் தாள்களோடு திருமண ஒப்பந்தங்களும், வணிகர் கடிதங்களும், குழந்தைகள் எழுதிப் பழகிய ஏடுகளும் அங்கே குவிந்தன. இந்தியக் கடற்கரையோடு மிளகு வாணிபம் செய்தவர்களின் மடல்களும் அவற்றுள் உண்டு.

இந்த அறையோடு கத்தோலிக்கராகிய நமக்கு ஒரு சிறப்பான உறவு இருக்கிறது. சீராக்கின் ஞானம் நம் திருவிவிலியத்தில் உள்ள நூல். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் எபிரேய மொழியில் எழுதப்பட்டு, ஆசிரியரின் பேரனால் எகிப்தில் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. காலப்போக்கில் எபிரேய மூலம் மறைந்துபோயிற்று, மொழிபெயர்ப்புகளே எஞ்சின. 1896ஆம் ஆண்டு ஆக்னெஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் இரட்டைச் சகோதரிகள் கீழைநாட்டுப் பயணத்தில் வாங்கிவந்த ஏடுகளைக் கேம்பிரிட்சில் யூத அறிஞர் சாலமன் ஷெக்டரிடம் காட்டினர். அவற்றுள் ஒரு தாள் சீராக்கின் எபிரேய மூலம் என்பதை அவர் கண்டறிந்தார். உடனே கெய்ரோவுக்குச் சென்று, அந்த அறையின் தூசியில் மாதக்கணக்கில் உழைத்தார். அவர் கொண்டுவந்தவற்றை அடிப்படையாகக் கொண்ட கேம்பிரிட்சுத் தொகுப்பில் இன்று ஏறத்தாழ 1,93,000 துண்டுகள் உள்ளன. பின்னர் 1964இல் மசாதா கோட்டையின் இடிபாடுகளிலும் சீராக்கின் எபிரேயச் சுருள் ஒன்று அகப்பட்டது. இன்று அந்நூலின் மூன்றில் இரண்டு பங்கு எபிரேயத்தில் கிடைத்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். சீராக்கின் நூல் யூதரின் திருநூல் தொகுதியில் இடம்பெறவில்லை. ஆயினும் தால்மூதின் ஆசான்கள் அதை மேற்கோள் காட்டினார்கள், படியெடுத்தவர்கள் படியெடுத்தார்கள், பழுதடைந்த ஏட்டையும் எறியாமல் காத்தார்கள். நம் திருப்பலியில் நாம் வாசிக்கும் நூலின் மூலத்தை அவர்களுடைய அறைதான் நமக்குத் திருப்பித் தந்தது.

அவர்கள் காத்தது இவ்வாறு இருக்க, கிறிஸ்தவ ஐரோப்பா அவர்களுடைய நூல்களுக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். யூத சமயத்திலிருந்து மனம் மாறிய நிக்கோலாஸ் தோனின் என்பவர் தால்மூதின்மேல் குற்றம் சாட்டியதன்பேரில், 1239இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அந்நூல்களைக் கைப்பற்றி ஆராயுமாறு மடல்கள் எழுதினார். 1240இல் பாரிசு நகரில் விசாரணை நடந்தது. ரபி எகியேல் தம் மக்களின் நூலுக்காக வாதாடினார். 1242இல் 24 வண்டி நிறையத் தால்மூதுப் படிகள் பாரிசில் எரிக்கப்பட்டன. அச்சு இயந்திரம் தோன்றாத காலம் அது. ஒவ்வொரு படியும் ஒரு மனிதர் கண்ணும் கையும் நோக எழுதியது. அன்று பிரான்சை ஆண்டவர் பின்னர் புனிதராக உயர்த்தப்பட்ட ஒன்பதாம் லூயி என்பது நம் நெஞ்சை உறுத்தும் செய்தி. அந்நாளில் இளைஞராய் அங்கே கற்றுக்கொண்டிருந்த ரோத்தன்பர்க் மேயிர் பாடிய புலம்பலை, ஆலயம் வீழ்ந்ததை நினைக்கும் துக்க நாளில் யூதர் இன்றும் ஓதுகின்றனர்.

1520க்கும் 1523க்கும் இடையில் வெனிசு நகரில் தானியேல் பொம்பர்க் என்னும் கிறிஸ்தவ அச்சகத்தார் பாபிலோனியத் தால்மூது முழுவதையும் முதன்முறையாக அச்சிட்டார். பக்கத்தின் நடுவே மூலமும், ஒரு புறம் பிரெஞ்சு நாட்டுப் பேராசான் ராஷியின் உரையும், மறுபுறம் அவர் வழிவந்தவர்களின் குறிப்புகளுமாக அவர் பதிப்பில் நிலைபெற்ற அமைப்பையே இன்றுவரை உலகம் பின்பற்றுகிறது. ஆனால் 1553ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் உரோமையின் காம்போ தே பியோரி சதுக்கத்தில் தால்மூது மீண்டும் எரிக்கப்பட்டது. அது யூதரின் புத்தாண்டு நாள். பாபிலோனியத் தால்மூது ஏறக்குறைய முழுமையாக அடங்கிய பழைய கையெழுத்துப் படி இன்று ஒன்றுதான் உள்ளது. 1342இல் எழுதப்பட்ட அது மியூனிக் நகர நூலகத்தில் இருக்கிறது. ஒரே ஒரு படி!

உரோமையரால் தோராச் சுருளில் சுற்றி எரிக்கப்பட்ட ரபி அனினா பென் தெரதியோன் பற்றித் தால்மூதில் ஒரு வரலாறு உண்டு. தீயின் நடுவே என்ன காண்கிறீர் என்று மாணவர்கள் கேட்டபோது, தோல் எரிகிறது, எழுத்துகளோ மேலே பறந்து செல்கின்றன என்று அவர் விடை பகர்ந்தாராம். பாரிசிலும் உரோமையிலும் எரிந்தவை தோலும் தாளுமே. எழுத்துகளைக் கற்றவர் நெஞ்சங்கள் காத்துக்கொண்டன.

திருச்சபை இப்பாதையிலிருந்து திரும்பியது என்பதை நன்றியோடு நினைக்கிறோம். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையில், யூத மக்களோடு நமக்கிருக்கும் ஆன்மீகப் பிணைப்பை எடுத்துரைத்தது. 1986இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமையின் தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். 2000ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் எருசலேமின் மேற்குச் சுவரின் இடுக்கில், மன்னிப்பு வேண்டும் செபத்தை எழுதி வைத்தார். 2001இல் திருத்தந்தையின் விவிலியக் குழு, யூதர் தம் மறைநூலை வாசிக்கும் முறையிலிருந்து கிறிஸ்தவர் கற்றுக்கொள்ள மிகுதி உண்டு என்னும் கருத்தை விரிவாக எழுதியது. ஆகவே பரிசேயர் என்ற சொல்லைக் கேட்டதும் வெளிவேடத்தை மட்டும் நினைப்பது நமக்குத் தகாது. திருத்தூதர்களைக் கொல்லாதபடி யூதத் தலைமைச் சங்கத்தில் எழுந்து பேசிய கமாலியேலும் பரிசேயரே. இல்லேலின் வழித்தோன்றல் என்று போற்றப்படுபவர் அவர்.

இத்தனை நூற்றாண்டுச் செய்திகளும் நமக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. எமது பங்கில் ஒரு முதிய உபதேசியார் இருக்கிறார். நாற்பது ஆண்டுகளாகச் சிற்றூர்களுக்கு மிதிவண்டியில் சென்று செபம் சொல்லிக் கொடுத்தவர். மூன்று தலைமுறையைப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்தவர். இன்று நினைவு தப்பிவருகிறது. அன்பியக் கூட்டத்தில் செபமாலையைத் தொடங்கினால் துயர மறையுண்மைகளுக்கு நடுவே மகிமை மறையுண்மையைச் சொல்லிவிடுகிறார். சொன்ன பத்தையே மீண்டும் சொல்கிறார். பங்குப் பேரவையில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. “சாமி, பெரியவர் மனசு நோகக்கூடாது. ஆனா பிள்ளைங்க சிரிக்குறாங்க. அவர் வீட்டிலேயே இருந்து செபிச்சா அவருக்கும் மரியாதை” என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

அப்போது பேரவையினருக்கு உடைந்த பலகைகளின் வரலாற்றைச் சொன்னோம். ஏனெனில் தால்மூதில் அது வெறும் பேழையைப் பற்றிய ஆய்வாக நின்றுவிடவில்லை. ரபி யோசுவா பென் லேவி தம் மைந்தர்களுக்குக் கூறிய அறிவுரையில் அது இடம்பெறுகிறது. தம் குற்றத்தால் அன்றிக் கற்றதை மறந்துவிட்ட முதியவரிடம் கவனமாயிருங்கள் என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டிய காரணம், முழுப் பலகைகளோடு உடைந்த பலகைகளும் பேழைக்குள் இருந்தன என்பதே. எழுத்து சிதைந்த கல்லும் இறைவனின் எழுத்தைத் தாங்கிய கல்தான். சீராக்கும் தம் நூலின் 3ஆம் அதிகாரத்தில், அறிவு மங்கிய தந்தையிடம் பொறுமை காட்டுமாறு மக்களைப் பணிக்கிறார். திருக்குடும்பத் திருவிழாவில் நாம் கேட்கும் வாசகம் அது. கெய்ரோவில் கிடைத்த எபிரேயப் படியிலும் அப்பகுதி இருக்கிறது. மறதியுற்ற முதியவருக்காகப் பரிந்து பேசும் சொல்லை, மங்கிய ஏடுகளை எறியாத மக்களே காத்துத் தந்தார்கள்.

பேரவை ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. மறையுண்மைகளை ஓர் இளம்பெண் அறிவிப்பாள். “அருள் நிறைந்த மரியே” என்று பெரியவர் தொடங்குவார். அந்தச் செபத்தை அவர் இன்னும் மறக்கவில்லை. இடையில் நின்றுவிட்டால் கூட்டம் தொடர்ந்துகொள்ளும். அந்தப் பெண்ணின் பாட்டிக்கும் செபம் கற்றுக் கொடுத்தவர் அவரே. எல்லாரும் மனம் ஒப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. இருவர் உடன்படவில்லை, வழிபாட்டின் ஒழுங்கும் முக்கியம் என்றார்கள். அதிலும் உண்மை உண்டு. அவர்கள் கருத்தையும் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொன்னோம்.

யூதரின் நூல்கள் யூதருக்குரியவை. அவர்களுடைய விளக்கங்களின்மேல் நம் பொருளை ஏற்றிச் சொந்தம் கொண்டாடுவது முறையன்று. ஆயினும் அண்டை வீட்டு விளக்கின் ஒளி நம் முற்றத்திலும் விழுந்தால், அதில் நம் வீட்டுப் பொருள்களை இன்னும் தெளிவாகக் காணலாமன்றோ? நம் ஆலயங்களிலும் ஒரு பேழை இருக்கிறது. நற்கருணைப் பேழை என்கிறோம். அதற்குள் நாம் வைத்திருப்பது என்ன? நமக்காகப் பிட்கப்பட்ட அப்பம், உடைக்கப்பட்ட உடல். உடைந்ததையே பேழைக்குள் வைத்து முழந்தாளிடும் மக்கள் நாம். அப்பேழைக்கு முன்னே, உடைந்த மனிதருக்கு இடமில்லை என்று சொல்ல நமக்கு எப்படி நா எழும்?